தேயிலை ஃபேக்டரியிலிருந்து ஓ.பி. வரிசைக்கு: மலையூர் மருத்துவமனையில் தரத்தை உயர்த்த ஒரு வழிகாட்டி

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் ஒரு சிறிய மருத்துவமனையின் நிர்வாகத்துக்கு வந்தவன் நான். வந்த முதல் வாரத்திலேயே எனக்கு ரொம்பப் பழகிய ஒரு காட்சியைப் பார்த்தேன். காலை ஒன்பதரை மணிக்கு இரண்டு பஸ் அடுத்தடுத்து வந்து நிற்கும். பத்தே நிமிடத்தில் ஓ.பி. வராந்தா நிரம்பிவிடும். ஃபேக்டரியில் இலை லாரிகள் இப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். இறக்கிய இலையை உடனே ட்ரஃப் என்கிற நீளத் தொட்டியில் பரப்பிக் காற்று விடாவிட்டால் சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவந்துவிடும். அதற்குப் பிறகு இலையை நசுக்கித் தூளாக்கும் சி.டி.சி. மெஷின் எத்தனை நல்லதாக இருந்தாலும் நல்ல தூள் வராது. எங்கள் டீ மேக்கர் அடிக்கடி சொல்வார்: "சல்லடையில நின்னு தரத்தைத் தேடாதே. இலை எங்கே காத்துக் கிடக்குன்னு போய்ப் பாரு."

மருத்துவமனையில் காத்துக் கிடப்பது மனிதர்கள். பார்க்க வேண்டிய இடம் என்னவோ அதேதான். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு பேச்சைச் சுற்றித்தான் போகும்.

தொழிற்சாலை முறைகளை மருத்துவத்துக்குக் கொண்டுவருவது புதிய யோசனை இல்லை. 1924-ல் பெல் தொலைபேசிக் குழுமத்தின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட், உற்பத்தி வழக்கத்தை விட்டு விலகுகிறதா என்று புள்ளி வைத்துப் பார்க்கும் முதல் கட்டுப்பாட்டு வரைபடத்தைப் போட்டுக் காட்டினார். 1950-ல் அமெரிக்கப் புள்ளியியல் நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங் ஜப்பானியப் பொறியாளர்களுக்கு அந்தப் பாடத்தை நடத்தினார். டொயோட்டா கார் நிறுவனத்தில் தாயிச்சி ஓனோ ஒரு முழு உற்பத்தி முறையையே வளர்த்தெடுத்தார். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வர்ஜீனியா மேசன் மருத்துவமனையின் தலைமைக் குழு 2002-ல் ஜப்பானுக்கே போய் இந்த முறையைக் கற்றுவந்தது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1976-ல் 11 படுக்கையோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவரைத் தயாராக வைத்திருப்பார்கள். டாக்டரின் கை சும்மா இருக்கும் நேரம் குறைகிறது, நோயாளிக்கும் செலவு குறைகிறது.

முதல் படி: ஒரே ஒரு தொல்லையைப் பிடியுங்கள்

"மருத்துவமனையையே மாற்றப் போகிறோம்" என்று கூட்டம் போட்டால் டீயும் பிஸ்கட்டும்தான் செலவாகும். ஒரே ஒரு தொல்லையை எடுங்கள். அது நோயாளிக்கு வலிக்கிற தொல்லையாகவும், தினமும் நடப்பதாகவும், உங்கள் கையால் மாற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும். "டாக்டர் பற்றாக்குறை" என்று எடுத்தால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. "சர்க்கரை நோயாளிக்கு லேப் ரிப்போர்ட் வர மதியம் ஆகிறது" என்று எடுத்தால் செய்ய முடியும்.

ஐந்தாறு பேர் போதும். ஒரு டாக்டர், ஒரு சிஸ்டர், லேப் டெக்னீஷியன், சீட்டு கொடுப்பவர், அட்டெண்டர், துப்புரவு செய்யும் அக்கா. கடைசி இருவரை விட்டுவிட்டுக் குழு அமைப்பதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. ஒரு நாளில் கட்டடம் முழுக்க நடப்பவர்கள் அவர்கள்தான். எந்தக் கதவு எத்தனை மணி வரை பூட்டிக் கிடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாம் படி: நோயாளியோடு நடங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். அறைக்குள் உட்கார்ந்து ரெஜிஸ்டரைப் புரட்டினால் இது தெரியாது. ஒரு கடிகாரம், ஒரு நோட்டு, அவ்வளவுதான். நோயாளி ஒருவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, வாசலிலிருந்து அவர் திரும்ப பஸ் ஏறும் வரை கூடவே இருங்கள்.

நான் முதலில் நடந்தது ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) வந்த வயதான அம்மாவோடு. சர்க்கரையும் பிரஷரும் உண்டு. 9.40-க்கு வரிசையில் நின்றார். 10.05-க்குச் சீட்டு கிடைத்தது. 10.30-க்கு எடையும் பிரஷரும் பார்த்தார்கள். 11.10-க்கு டாக்டர். ரத்தம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். 11.20-க்கு லேபில் ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட் 11.50-க்கே தயார், ஆனால் மேலே டாக்டர் அறைக்கு வந்து சேர்ந்தது 12.45-க்கு. 1.05-க்கு மறுபடி டாக்டர். மருந்து ஜன்னலை விட்டு நகரும்போது மணி 1.40. அவர் ஊர் பஸ் ஒன்றரைக்கே போய்விட்டது. அடுத்த பஸ் மூன்று மணிக்கு.

பதினொரு மணிவாக்கில் கேட்டேன், "அம்மா, டீயாவது குடிச்சீங்களா?"

"ரத்தம் எடுக்கணும்னு வெறும் வயித்தோட வரச் சொன்னாங்களே தம்பி. நேத்து ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டதுதான்."

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். சர்க்கரை நோயாளி ஒருவர் பதினைந்து மணி நேரம் வெறும் வயிற்றோடு குளிரில் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு எங்கள் ரெஜிஸ்டரில் அது ஒரு குறையாக எங்கேயும் பதிவாகவில்லை.

நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 240 நிமிடம். அதில் அவருக்காக யாராவது கை வைத்து வேலை செய்த நேரம்: சீட்டுக்கு 2, பிரஷருக்கு 3, டாக்டருக்கு முதல் முறை 4, ரத்தம் எடுக்க 3, டாக்டருக்கு மறுமுறை 3, மருந்துக்கு 3. ஆக 18 நிமிடம். மீதி 222 நிமிடமும் காத்திருப்பு. யாரும் சோம்பேறியாக இல்லை என்பதையும் கூடவே பார்த்தேன். சீட்டு கொடுத்தவர் தலை நிமிரவில்லை, டாக்டர் தண்ணீர் குடிக்கவில்லை. ஆளுக்கு ஆள் ஓடிக்கொண்டிருக்க, இலை மட்டும் சாக்கிலேயே கிடந்தது.

இப்படி ஐந்து பேரோடு ஐந்து வேறு நாட்களில் நடங்கள். பிறகு ஒரு சார்ட் பேப்பரில் வாசல் முதல் பஸ் வரை கட்டம் போட்டு, கட்டத்துக்குள் வேலை நேரத்தையும் கட்டங்களுக்கு நடுவில் காத்திருந்த நேரத்தையும் எழுதி, எல்லோரும் பார்க்கிற இடத்தில் மாட்டுங்கள். ஓனோ வீண் என்று ஏழு வகையைப் பட்டியலிட்டார். மருத்துவமனையில் முதலில் கண்ணில் படுவது காத்திருப்பு, வீண் நடை, ஒரே தகவலை மூன்று ரெஜிஸ்டரில் எழுதுவது. இந்த மூன்றோடு தொடங்கினால் போதும்.

மூன்றாம் படி: 'யார்' என்று கேட்காமல் 'ஏன்' என்று கேளுங்கள்

ரிப்போர்ட் ஏன் 55 நிமிடம் கீழேயே கிடந்தது? அட்டெண்டர் எல்லா ரிப்போர்ட்டையும் சேர்த்து ஒரே தடவையில் கொண்டுவருகிறார். ஏன்? லேப் கீழ்க் கட்டடத்தில் இருக்கிறது, நடுவில் 38 படி. நம் மலைக் கட்டடங்கள் எல்லாமே இப்படிச் சரிவில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்பவைதானே. ஏன் தாளாகவே மேலே வர வேண்டும்? டாக்டர் அதைப் பார்த்துத்தான் மருந்து எழுதுவார். நோயாளி டாக்டரை ஒரு தடவை பார்த்துவிட்டு ஏன் ரத்தம் கொடுக்க வேண்டும்? டாக்டர் எழுதித் தராமல் லேபில் எடுக்க மாட்டார்கள். மாதாமாதம் அதே பரிசோதனைக்கு வருகிறவருக்கும் ஏன் புதிதாக எழுத வேண்டும்? இதற்கு யாரிடமும் பதில் இல்லை. காலங்காலமாக அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது.

முதல் 'ஏன்' கேட்டதோடு நின்றிருந்தால் அட்டெண்டருக்கு ஒரு மெமோ போயிருக்கும். வயதான அந்த அண்ணன் இன்னும் நாலு தடவை படி ஏறியிருப்பார், காத்திருப்பு அப்படியே இருந்திருக்கும். ஐந்தாவது 'ஏன்'தான் வழியைக் காட்டியது. மாத சர்க்கரைப் பரிசோதனைக்கு டாக்டர் முன்கூட்டியே ஒரு நிலையான உத்தரவு எழுதி வைத்தால், சீட்டு வாங்கியதும் நேராக லேப், அப்புறம் சாப்பாடு, கடைசியில் ரிப்போர்ட்டோடு ஒரே தடவை டாக்டர்.

காரணங்கள் பலவாகக் கிளைவிட்டால் ஜப்பானியத் தர நிபுணர் கவோரு இஷிகாவாவின் மீன்முள் படம் உதவும். தலையில் தொல்லையை எழுதி, முட்களில் ஆள், முறை, கருவி, பொருள், இடம் என்று பிரித்துக்கொள்ளலாம். சிறிய தொல்லைக்கு அது தேவைப்படாது.

நான்காம் படி: நாளைக்கே, சின்னதாக, ஒரு தடவை செய்து பாருங்கள்

டெமிங் பரப்பிய சுழற்சி இதுதான்: திட்டமிடு, செய், ஆராய், அப்புறம் தக்கபடி மாற்று. இதில் எல்லோரும் தவறுவது அளவில். ஒரேயடியாக எல்லா ஓ.பி.க்கும் சுற்றறிக்கை விடாதீர்கள். ஒரு டாக்டர், ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து நோயாளிகள். நாங்கள் செய்த முதல் நாளே ஒரு ஓட்டை தெரிந்தது. ரத்தம் கொடுத்தவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள், பெயர் கூப்பிட்டபோது ஆள் இல்லை. அடுத்த செவ்வாய் அவர்கள் சீட்டில் திரும்பி வர வேண்டிய நேரத்தை எழுதிக் கொடுத்தோம். இப்படி நாலைந்து சுற்று போன பிறகுதான் மற்ற நாட்களுக்கு விரித்தோம்.

அவசர ரிப்போர்ட்டை லேபிலிருந்து இன்டர்காமில் சொல்வதாக இருந்தால் ஒரு கட்டாயம்: கேட்பவர் எழுதிக்கொண்டு, நோயாளியின் பெயரையும் எண்ணையும் அளவையும் திருப்பி வாசிக்க வேண்டும். 140-ம் 240-ம் போனில் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

ஐந்தாம் படி: புள்ளி வைத்துக் கோடு போடுங்கள்

கம்ப்யூட்டர் வேண்டாம், கிராஃப் தாள் போதும். வாரத்துக்கு ஒரு புள்ளி: அந்த வாரத்தில் வாசலிலிருந்து மருந்து வாங்கும் வரை ஆன சராசரி நிமிடம். பத்துப் பன்னிரண்டு புள்ளி சேர்ந்ததும் நடு மதிப்பில் குறுக்காக ஒரு கோடு போடுங்கள். மாற்றம் செய்த பிறகு தொடர்ந்து ஆறு புள்ளிகள் கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால் உண்மையிலேயே ஏதோ மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் கூடி ஒரு வாரம் குறைந்தால் அது வழக்கமான ஆட்டம். அதற்காக யாரையும் பாராட்டவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம்.

ஷூஹார்ட் சொன்னதின் சாரம் இதுதான். வழக்கமான ஆட்டம் வேறு, தனிக் காரணத்தால் வந்த குதிப்பு வேறு. இதற்கு நல்ல உதாரணம் தடுப்பூசி ஃபிரிட்ஜ். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், தினமும் இரு வேளை பார்த்துக் குறிக்கிறோம். சமவெளியில் எல்லோரும் சூட்டுக்குப் பயப்படுவார்கள். ஊட்டி, குன்னூர் பக்கம் டிசம்பர், ஜனவரி உறைபனி இரவுகளில் அறையே விறைத்துக் கிடக்கும், பயம் கீழ்ப்பக்கம்தான். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி, ஐந்து நோய்க்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட், டெட்டனஸ்-டிப்தீரியா ஊசி (டி.டி.) போன்றவை ஒரு தடவை உறைந்தாலே வீண், திரும்பச் சூடாக்கினாலும் பயன்படாது. குறிப்பை எண்ணாக மட்டும் எழுதிக்கொண்டே போனால் 4, 3.5, 3, 2.5 என்று சரிவது கண்ணில் படாது. புள்ளியாக வைத்தால் மூன்றாம் நாளே தெரியும், 2-க்குக் கீழே போகும் முன்பே கை வைக்கலாம்.

கூடவே இன்னொரு கோடும் வேண்டும். காத்திருப்பு குறைந்த வேகத்தில் டாக்டர் பேசும் நேரமும் குறைந்துவிட்டதா? மருந்து மாற்றிக் கொடுத்தது கூடிவிட்டதா? ஒன்றைச் சரி செய்யப் போய் இன்னொன்றைக் கெடுக்கவில்லை என்று அந்தக் கோடு காட்ட வேண்டும்.

ஆறாம் படி: எமர்ஜென்சி டிராலியிலிருந்து ஒழுங்கு தொடங்கட்டும்

ஜப்பானியர்கள் ஐந்து சொல்லில் சொல்வதைத் தமிழில் இப்படி வைத்துக்கொள்ளலாம்: வேண்டாததைக் களை, வேண்டியதற்கு இடம் குறி, துடைத்து வை, எல்லோருக்கும் ஒரே முறை, அதை விடாமல் காப்பாற்று. இதை அலுவலக மேஜையில் தொடங்காதீர்கள். உயிர் போகிற நேரத்தில் எல்லோரும் ஓடுகிற டிராலியில் தொடங்குங்கள்.

தட்டுத் தட்டாக எல்லாவற்றையும் வெளியே ஒரு போர்வையில் பரப்புங்கள். தேதி முடிந்த ஊசி மருந்து, பேட்டரி இறந்த லாரிங்கோஸ்கோப் (தொண்டைக்குள் பார்க்கும் விளக்குக் கருவி), யாரோ வைத்துவிட்டுப் போன பேனா, நாலு வகை டேப் எல்லாம் வெளியே வரும். பிறகு மேல் தட்டில் மூச்சுக்கானவை, அடுத்ததில் நரம்பில் ஏற்றுவதற்கானவை, அடுத்ததில் மருந்துகள் என்று பிரியுங்கள். கறுப்பு ரெக்சினை அடியில் விரித்து, ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வெள்ளையால் வரைந்துவிடுங்கள். ஒன்று குறைந்தால் அந்த வெற்று உருவமே கண்ணைக் குத்தும். நிரப்பி முடித்ததும் எண் அச்சிட்ட பிளாஸ்டிக் பூட்டு ஒன்றைப் போடுங்கள். பூட்டு உடையாமல் அதே எண் இருந்தால் டியூட்டி மாறும்போது சிஸ்டர் உள்ளே எண்ண வேண்டாம், எண்ணைக் குறித்தால் போதும். உடைந்திருந்தால் முழுக்கச் சோதனை. பேட்டரியையும், இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிபிரிலேட்டரையும் மட்டும் தினமும் இயக்கிப் பார்க்க வேண்டும், பூட்டு அதற்குச் சாட்சி சொல்லாது.

ஏழாம் படி: தவறு நடக்கவே முடியாதபடி செய்யுங்கள்

"கவனமாக இருங்கள்" என்று போர்டு மாட்டுவது மிகப் பலவீனமான மருந்து. இரவு டியூட்டியின் பன்னிரண்டாவது மணி நேரத்தில் கவனம் யாருக்கும் ஒருநிலையில் இருக்காது. ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ இதற்காகத்தான், பொருளே தவறைத் தடுக்கும் வழியைச் சொன்னார். மருத்துவமனையில் இது ஏற்கெனவே இருக்கிறது. சிறிய ஆக்சிஜன் சிலிண்டரின் வாயில் ஊசித் துளைகள் 2, 5 இடங்களில், நைட்ரஸ் ஆக்சைடுக்கு 3, 5 இடங்களில் இருக்கும். மாற்றிப் பொருத்த முயன்றாலும் பொருந்தாது. இதே எண்ணத்தோடு உங்கள் வார்டைச் சுற்றிப் பாருங்கள். நீர்க்காமல் ஏற்றினால் உயிரையே பறிக்கும் அடர் பொட்டாசியம் குளோரைடு ஊசி சாதாரண வார்டு அலமாரியில் இருக்கவே கூடாது. ஒரே மாதிரிப் பெட்டியில் வரும் இரண்டு மருந்துகளைப் பக்கத்தில் அடுக்கக் கூடாது.

லேபிள் இல்லாத கிண்ணமும் அப்படித்தான். வர்ஜீனியா மேசனிலேயே 2004-ல் நிறமற்ற திரவங்கள் பெயரெழுதாத கிண்ணங்களில் இருந்ததால், எக்ஸ்ரே சாயத்துக்குப் பதிலாகக் கிருமிநாசினி ஒரு நோயாளியின் ரத்தக் குழாயில் ஏற்றப்பட்டது. அவர் இறந்துபோனார். அந்த மருத்துவமனை அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. டொயோட்டா முறையைத் தொடங்கி இரண்டு வருடம் ஆன இடத்தில் நடந்தது இது. ஊற்றிய கையே அந்த நொடியில் லேபிளை ஒட்ட வேண்டும்.

எட்டாம் படி: யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம்

சகிச்சி டொயோடா 1924-ல் முழுமையாக்கிய தறி, நூல் அறுந்ததும் தானே நின்றுவிடும். கெட்ட துணியை நெய்துகொண்டே போகாது. கார்த் தொழிற்சாலையில் அது, தொழிலாளி இழுத்து உற்பத்தியை நிறுத்தும் கயிறானது. மருத்துவமனையில் அந்தக் கயிறு ஒரு வார்த்தைதான். புதிதாகச் சேர்ந்த சிஸ்டர் மூத்த டாக்டரிடம், "சார், ஒரு நிமிஷம், கை கழுவல" என்று சொல்லும் உரிமை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் டாக்டர் பீட்டர் பிரனவோஸ்ட் ஐந்து வரிச் சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தபோது, ரத்தக் குழாயில் செருகும் கதீட்டரால் வரும் தொற்று 66 சதவீதம் வரை குறைந்ததாக 2006-ல் பதிவானது. பட்டியல் பாதி வேலையைத்தான் செய்தது. ஒரு வரி விட்டுப்போனால் நர்ஸ் நிறுத்தலாம் என்ற அதிகாரம் மீதியைச் செய்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்ச அறுவைப் பட்டியலை டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. பட்டியலை அச்சடித்து ஃபைலில் வைத்து, அறுவை முடிந்த பிறகு மொத்தமாக டிக் போடுவதாக இருந்தால் தாளை வீணாக்க வேண்டாம்.

நிறுத்தியவரை முதல் தடவை நிர்வாகம் எப்படி நடத்துகிறது என்பதைக் கட்டடமே பார்த்துக்கொண்டிருக்கும். நிறுத்தியது தேவையில்லாமல் போயிருந்தாலும் எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: ஸ்டோர், அப்புறம் மலைச்சாலை

பஞ்சு, சிரிஞ்சு, கையுறைக்கு இரட்டைப் பெட்டி முறை எளிது. முன் பெட்டி தீர்ந்ததும் பின் பெட்டியை எடுத்து, காலிப் பெட்டியை ஸ்டோருக்கு அனுப்புவது. காலிப் பெட்டியே இன்டெண்ட் (பொருள் கேட்கும் சீட்டு), யாரும் எண்ண வேண்டாம்.

ஆனால் டொயோட்டாவின் 'வேண்டியபோது மட்டும் வரட்டும்' என்பதை இங்கே அப்படியே எடுக்காதீர்கள். நம் மருந்து கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி வருகிறது. 2009 நவம்பரில் நிலச்சரிவு வந்து சாலைகள் துண்டானதை இங்கே யாரும் மறக்கவில்லை. கணக்கு இப்படி: நார்மல் சலைன் நாளுக்கு 8 பாட்டில் செலவு, ஆர்டர் வந்து சேர 3 நாள், கையிருப்புக்கு 2 நாள் என்றால் 40 பாட்டில் மிஞ்சும்போது ஆர்டர் போட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சாலைக்காக 5 நாளைக் கூட்டுங்கள், 80 பாட்டில். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை. கூடலூர், பந்தலூர் பக்கம் என்றால் தென்மேற்குப் பருவமழைக்கு, ஜூனிலிருந்தே இந்தக் கணக்கு. புத்தகம் அதை வீண் சரக்கு என்று சொல்லும். மலையில் அது ஆக்சிஜன் மாதிரி.

எதைக் கொண்டுவரக் கூடாது

இலைக்கு இலை பெரிய வித்தியாசம் இல்லை, நோயாளிக்கு நோயாளி உண்டு. டாக்டர் ஒரு மூதாட்டியிடம் மகன் எங்கே வேலை என்று கேட்கும் இரண்டு நிமிடத்தை வீண் என்று கடிகாரத்தில் கழிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சில்தான் அவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவது வெளியே வருகிறது. நடுவில் கிடக்கிற 222 நிமிடத்தில் கை வையுங்கள், அந்த 18-ல் கை வைக்காதீர்கள். முடிந்தால் அதை 25 ஆக்குங்கள்.

மெஷினை முழு நேரமும் ஓட வைப்பது ஃபேக்டரியில் பெருமை. மருத்துவமனையில் எல்லோரையும் நூற்றுக்கு நூறு வேலையில் பூட்டினால் வரிசை தாறுமாறாக நீளும். எதிர்பாராத ஒரு விபத்து கேஸ் வந்தால் தாங்க இடமே இருக்காது. கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும்.

பத்தாம் படி: வந்ததைக் காப்பாற்றுவது

அரசு மருத்துவமனைகளுக்கு 2013-ல் வந்த தேசியத் தர உறுதி நிலைகளும், 2015-ல் வந்த, தூய்மைக்கு விருது தரும் காயகல்ப் திட்டமும் நல்ல சட்டகங்கள். மதிப்பெண்ணுக்காக ஆய்வு நாளுக்கு முந்தின வாரம் பெயின்ட் அடிப்பதில் பயனில்லை. மேலே சொன்ன படங்களும் புள்ளிகளும் சுவரில் உயிரோடு இருந்தால் ஆய்வுக்கான பாதிச் சான்று தானாகவே கையில் இருக்கும்.

தினமும் காலை 8.15-க்கு ஓ.பி. வாசலில் நின்றபடியே ஏழு நிமிடம் கூடுங்கள். நாற்காலி போட்டால் அது கூட்டமாகிவிடும். நேற்று எது தடுக்கியது, இன்று யார் லீவு, டிராலிப் பூட்டின் எண் சரியா, ஃபிரிட்ஜ் எத்தனை டிகிரி. யார் பேசுவது என்பது நாளுக்கு ஒருவர், துப்புரவு அக்காவும் ஒரு நாள். மழைக்காலத்தில் முதல் கேள்வி வேறு. மேட்டுப்பாளையம் ரோடு திறந்திருக்கிறதா? மூடியிருந்தால் கீழே அனுப்ப வேண்டிய நோயாளியை எந்த வழியாக அனுப்புவது, ஆக்சிஜன் எத்தனை சிலிண்டர் இருக்கிறது, ஒன்றரை மணி பஸ் வருமா வராதா என்று கேட்டு, வராது என்றால் அந்த ஊர்க்காரர்களின் சீட்டில் ஒரு குறி போட்டு முதலில் பார்த்து அனுப்பிவிடுகிறோம்.